நகர்ந்தால் படம் போய்விடும்

டமார்!

மனுவேலின் காலுக்கு ஒரு முழம் தள்ளி டிஷ் அன்டெனா ஒன்று வந்து விழுந்தது. படகின் கூரை மேலிருந்து செல்லப்பா முதலாளியின் வழுக்கைத் தலை எட்டிப் பார்த்தது.

“அடிபட்டுச்சா மனுவேல்?”

“எனக்கு இல்ல முதலாளி. டிஷ்ஷுக்கு.”

“அப்பாடா. நானே கட்டிப் பார்ப்போம்னு சணல் கயித்துல கட்டினேன். அவுந்துருச்சு.”

சணல் கயிறு! டீவி பூட்டக் கண்டி நகரத்துக் கூரைகளில் இருபத்தாறு வருடமாக ஏறி இறங்குகிற மனுவேல், டிஷ்ஷைச் சேலைப் பார்சல் மாதிரி கட்டிய ஒருவரை அன்றுதான் பார்த்தார். கண்டியின் கொழும்பு வீதியில் புடைவைக்கடை வைத்திருப்பவரிடம் வேறு எதை எதிர்பார்ப்பது?

தெல்தெனியவைத் தாண்டி, விக்டோரியா நீர்த்தேக்கம் மலைக்குள் ஒரு மடிப்பாக வளைகிற இடத்தில், ஒரு விடுதியின் துறையில் அந்தப் படகு நின்றது. படுக்கையறை, சமையல் மூலை, குளியலறை எல்லாம் வைத்த கேபின் படகு. நீர்கொழும்பிலிருந்து லொறியில் வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் மூன்று டீவி பூட்ட வேண்டுமாம். முன்னறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, பின்தட்டில் ஒன்று. எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதை கண்டிக் கடைவீதியில் பாதிப் பேருக்குத் தெரியும். செல்லப்பாவின் மகள் சஞ்சீவனியும், கொழும்பு செட்டியார் தெரு நகைக்கடைக்காரர் ஒருவரின் மகன் சுதேஷும் பேராதனையில் ஒன்றாகப் படித்தவர்கள். பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள். பையனின் அப்பாதான் பிடி கொடுக்கவில்லை. அவரை மடக்குவதற்காகத் தரகர், “பொண்ணு வீட்டுக்குச் சொந்தமா போட்டே இருக்குங்க” என்று அளந்துவிட்டார். நகைக்கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, “அப்ப போட்லயே வந்து பொண்ணு பார்க்கிறோம்” என்றார்.

படகு அதற்குப் பிறகுதான் வாங்கப்பட்டது.

பொய்யைக் காப்பாற்றப் படகு வாங்கிய மனிதன் என்று மனுவேல் உள்ளுக்குள் காறித் துப்பினார். மனுவேலுக்கு வேலை சுத்தம். வாய்தான் சுத்தமில்லை. வீட்டுக்காரரை நிற்க வைத்துப் பாடம் நடத்தாமல் அவர் ஓர் ஆணிகூட அடிப்பதில்லை. மனுவேல் திட்டாத வீட்டில் படம் தெளிவாக வராது என்று கட்டுகலைப் பக்கம் சொல்வார்கள்.

பாடம் உடனே ஆரம்பமாகிவிட்டது.

“இது என்ன வயர்?”

“நல்ல வயர்தான். கடையில கேட்டு வாங்கினேன்.”

“இது வீட்டுச் சுவருக்குள்ள போடுற ஒத்தைக் கம்பி. சுவர் நடுங்காது முதலாளி, போட் நடுங்கும். எஞ்சின் ஓட ஓட உள்ள கம்பி முறிஞ்சிரும். போட்டுக்கு மெல்லிசா பல இழை உள்ள வயர் போடணும்.”

“முறியாது. இதையே போடு.”

“கரண்ட்?”

“கரையிலருந்து இழுத்துக்க.”

“கரையிலருந்தா? அப்ப போட் எங்க போனாலும் பின்னால வால் மாதிரி வயரும் போகுமா? அனுமார் வால் கணக்கா?”

செல்லப்பா சிரித்தார். கோபமே வராத மனிதரைத் திட்டுவதில் சுவை இல்லை. மனுவேல் டிஷ்ஷைக் கையில் எடுத்தார்.

“இது வானத்துல ஒரே இடத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கணும். போட் ஒரு சாண் திரும்பினாலும் படம் போயிடும். ஓடுற போட்டுக்குத் தானா திரும்புற வேற சாமான் இருக்கு.”

“வேணாம். இதுவே போதும். போட் திரும்பாம நாலு பக்கமும் கட்டிப்புடுவோம்.”

“கட்டிப்போட்டா அதுக்குப் பேரு போட் இல்ல முதலாளி. வீடு.”

“என்ன சொன்னே? ஒரு சாண் திரும்பினா…?”

“படம் போயிடும்!”

“இன்னொருக்கா சொல்லு.”

மண்டையில் ஏறவில்லை போலும் என்று மனுவேல் மூன்று முறை சொன்னார். செல்லப்பா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். போகும்போது ஒன்று மட்டும் சொன்னார்.

“பின்தட்டுல ஒரு மூடி இருக்கு, பார்த்தியா? அதைத் திறக்காத. ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. வயரை ஓரமாவே கொண்டு போ.”

சனிக்கிழமை மத்தியானம் சோற்றுப் பார்சலோடு சஞ்சீவனி வந்தாள். படகுக்குள் ஏறாமல் துறையிலேயே நின்றாள்.

“நாளைக்கு எல்லாம் சரியா வருமா அங்கிள்?”

“ஏன் மகள், பயமா?”

“சுதேஷோட அப்பாவை உங்களுக்குத் தெரியாது. போன வருசம் சுதேஷோட அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்துல டீ ஆறிப்போச்சுன்னு எந்திரிச்சு வந்துட்டாரு. அந்தப் பேச்சு அதோட முடிஞ்சது. நாளைக்கு இங்க ஒரு சின்னக் குறை கண்டாலும் போதும், எங்களுக்கும் அதேதான்.”

“டீவிக்கு நான் பொறுப்பு. உங்கப்பாவுக்கு யாரு பொறுப்பு?”

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று. பார்சலைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

சாப்பிட்ட பிறகு கடைசி வயர். முன்னறையிலிருந்து பின்தட்டு வரை தரைப்பலகைக்குக் கீழே போக வேண்டும். மனுவேல் முதலில் வயரைக் கட்டி இழுக்கிற இழுகம்பியை உள்ளே விட்டார். பாதி தூரம் ஓடி, பின்தட்டுக்குக் கீழே எதிலோ முட்டி நின்றது. இழுத்தால் வரவில்லை, தள்ளினால் போகவில்லை. முதலாளி கண்டிக்குப் போயிருந்தார். மனுவேல் அந்த மூடியைத் திறந்தார்.

எண்ணெயும் இல்லை, பிசுக்கும் இல்லை. எஞ்சினே இல்லை.

எஞ்சின் இருந்த இடத்தில் துருப்பிடித்த நாலு போல்ட் நீட்டிக்கொண்டிருந்தன. படகு முன்பக்கம் சாயாமல் இருக்க, உரப்பைகளில் மணல் கட்டி வரிசையாக அடுக்கியிருந்தார்கள். இழுகம்பி ஒரு பையில் குத்தி நின்றது.

மனுவேல் அப்படியே உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். நூல் புடைவையா பட்டா என்று விரலால் தடவிச் சொல்கிற மனிதர், படகை வாங்கும்போது மூடியைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை! விற்றவன் எண்ணெய்ப் பிசுக்கு என்று சொல்லியிருப்பான். இவரும் அதையே பாடம் பண்ணி வந்து ஒப்பித்திருக்கிறார். இந்த மூளைக்கு மூன்று டீவி.

சொல்லலாமா? சொன்னால் நாளை நடக்கவிருப்பது நடக்காது. அந்தப் பெண்ணின் பாதிச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. சொல்லாவிட்டால் நாளை எல்லோர் முன்னாலும் சாவியைத் திருகிவிட்டு முழிக்க வேண்டியதுதான். எப்படிப் பார்த்தாலும் நாசம். சொந்தப் படகின் மூடியைத் திறந்து பார்க்காதவனுக்கு நான் ஏன் திறந்து காட்ட வேண்டும்? மனுவேல் பையை நகர்த்தி, வயரை இழுத்து, மூடியை மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை படம் கண்ணாடி மாதிரி வந்தது. கிரிக்கெட் இறுதியாட்டம். படம் போனால் பார்க்க ஆள் வேண்டும் என்று மனுவேலையும் இருக்கச் சொல்லியிருந்தார் செல்லப்பா.

நகைக்கடைக்காரர் ஏறியதுமே கைப்பிடிக் கம்பியில் விரலை ஓட்டித் தூசி பார்த்தார். டீயைத் தொட்டுச் சூடு பார்த்தார். குறை கிடைக்கவில்லை. சுதேஷ் டீவியைப் பார்ப்பது போல் சஞ்சீவனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது இன்னிங்ஸ் தொடங்கியதும் பெரியவர் எழுந்தார்.

“சரி செல்லப்பா, கயித்த அவுக்கச் சொல்லுங்க. அணைக்கட்டுப் பக்கம் ஒரு சுத்து போயிட்டு வருவோம்.”

“போகலாங்க ஐயா…” செல்லப்பா தலையைச் சொறிந்தார். “டீவிதான் கொஞ்சம்…”

“டீவிக்கென்ன? அது பாட்டுக்கு ஓடுது. போட்டுன்னு கூப்பிட்டுப்புட்டு உக்கார வச்சிருக்கீங்க. ஓடுமா ஓடாதா?”

பலகாரத் தட்டோடு வந்த சஞ்சீவனி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“மனுவேல், நீ ஐயாவுக்குச் சொல்லேன்” என்றார் செல்லப்பா.

‘டீவிக்கென்ன’ என்ற கேள்வியே மனுவேலுக்குப் போதுமாக இருந்தது. எஞ்சின் ஞாபகமே அப்போது அவருக்கு இல்லை.

“டீவிக்கென்னவா? ஐயா, கடையில தராசை ஆட்டிக்கிட்டே தங்கம் நிறுப்பீங்களா?”

“என்னய்யா பேச்சு இது?”

“நிறுக்க மாட்டீங்கல்ல? மேல இருக்கிற டிஷ்ஷும் அப்படித்தான். ஒரே இடத்தைப் பார்க்கணும். போட் ஒரு சாண் திரும்பினா படம் போயிடும். திரும்பப் பிடிக்க எனக்கு ஒரு மணித்தியாலம். அதுக்குள்ள மெட்ச் முடிஞ்சிரும். தண்ணியை எப்பவும் பார்க்கலாம். இந்த மெட்ச்சை நாளைக்குப் பார்ப்பீங்களா? இது தெரியாம கயித்த அவுக்கச் சொல்றீங்க. படிச்ச மகனாவது அப்பாவுக்குச் சொல்ல வேணாமா?”

செட்டியார் தெருவில் பெரியவரிடம் இப்படிப் பேசியவர் இல்லை. அவர் மனுவேலை மேலும் கீழும் பார்த்தார். டீவியைப் பார்த்தார். அங்கே ஒரு சிக்ஸர் பறந்தது.

“தராசு…” என்று சொல்லிச் சிரித்தார். “நல்லாத்தான் சொல்றான்யா.” உட்கார்ந்து பலகாரத்தை எடுத்தார்.

ஆட்டம் முடியும்போது மலைக்குப் பின்னால் வெளிச்சம் போய்விட்டது. கொழும்புக்குத் திரும்ப வேண்டும். காரில் ஏறும் முன் பெரியவர், “அடுத்த மாசம் ஒரு நல்ல நாள் பாருங்க. இன்னொரு நாளைக்குச் சுத்துவோம்” என்றார். சஞ்சீவனி தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். இந்த முறை சிரிப்பு முழுசாக வந்தது.

கார் போனதும் மனுவேல் செல்லப்பாவின் அருகில் போனார். இத்தனை நேரம் அடக்கி வைத்ததற்கு வட்டியும் முதலுமாகச் சொல்லிவிட வேண்டும்.

“முதலாளி, மனசைத் திடமா வச்சுக்கங்க. உங்களை நல்லா ஏமாத்திப்புட்டானுங்க. இந்தப் போட்ல எஞ்சினே இல்ல.”

செல்லப்பா மீதிப் பலகாரப் பெட்டியைச் சணல் கயிற்றால் கட்டி, முடிச்சை இறுக்கி, மனுவேலின் கையில் வைத்தார்.

“அது தெரியாமயா மனுவேல் வாங்கினேன்? டீவி பூட்ட கண்டியில பத்துப் பேரு இருக்கான். போட் ஏன் நகரக் கூடாதுன்னு அந்த மனுசனைத் திட்டியே நம்ப வைக்க உன்னைய விட்டா யாரு இருக்கா?”