மேல் வரப்பிலிருந்து எண்ணியவள்

ராதிகா இறந்த மறுநாளிலிருந்து, வெள்ளிமலையில் அவள் அம்மா சின்னப்பொண்ணுவின் நிலத்தில், யாரும் விதைக்காத சாமை நாளுக்கொரு வரிசையாக முளைத்தது. ஒவ்வொரு வரிசையும் கீழ் வரப்பில் தொடங்கி மேல் வரப்பை நோக்கிப் போனது. சாணுக்குச் சாண் சில இடத்தில் முளை, சில இடத்தில் வெறும் மண். முளைத்தது கதிர் விடவுமில்லை, காயவுமில்லை. அந்த வருஷம் மழை கம்மி, ஜீப் கட்டணமும் ஏறியிருந்தது. ஊர் அவற்றைப் பேசிய அளவுக்கே சாமையையும் பேசியது.

ராதிகாவின் கணவன் சுபாஷுக்குக் கள்ளக்குறிச்சியில் வேலை. ஞாயிறுதோறும் மலையேறி, கீழ் வரப்போடு நின்று பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் இறங்கிவிடுவான். மேல் வரப்பை ஒட்டிய மாமியார் வீட்டுக்குள் கருமாதிக்குப் பிறகு அவன் நுழையவில்லை. அந்த வீட்டுச் சுவரெல்லாம் அவளுடைய சாக்பீஸ் எண்கள். கல்லூரியில் இருவரும் கணிதம். பஸ் டிக்கெட்டின் பின்புறம் எண்களை இரும முறையில் ஒன்றும் பூச்சியமுமாக எழுதி, திருப்பி, வெட்டி, ஒரு தொடர் கட்டி அவனிடம் நீட்டுவாள். "விதி இன்னான்னு சொல்லு. சொல்ற வரிக்கும் பேச மாட்டேன்." அவன் சொன்ன பிறகுதான் அடுத்த பேச்சு.

ஆகவே விதி கிடைத்தால் அவள் பேசுவாள் என்று அவன் நம்பினான். முளையை ஒன்று, வெற்றிடத்தைப் பூச்சியம் என்று வைத்துக் கீழிருந்து மேலாகப் படித்தான். முன்னால் நிற்கும் பூச்சியத்துக்கு மதிப்பில்லை என்பதால் வரப்போரத்து வெற்றிடங்களை விட்டுவிட்டான். ஒன்று, ஒன்று, மூன்று, ஒன்று, ஐந்து, மூன்று, ஏழு, மறுபடி ஒன்று. ஆறு வாரமாகியும் விதி பிடிபடவில்லை. ஏழாவது ஞாயிறு பங்குக்கு உழும் பச்சமுத்து மாடுகளோடு வந்துவிட்டார்.

"மழ வருதுபா. இன்னிக்கு ஓட்டலேன்னா இந்த போகம் போச்சு."

"ஒரு மணி நேரம் குடுங்கண்ணா."

மேல் வரப்பிலிருந்து சின்னப்பொண்ணு கூப்பிட்டாள். "இன்னா மாப்ள, திருடன் கணக்கா அங்கியே நின்னுக்கினு? எம் பொண்ணு எந்நாளும் இந்த மேல் வரப்பு வழியாத்தான் கொல்லிக்கு எறங்குவா. மேல வாங்க, கஞ்சி ஆறுது."

அவன் ஏறிப்போய்த் திரும்பிப் பார்த்தான். மேலிருந்து படித்தால் முதல் வரிசை ஒன்று. அடுத்தது முளையும் வெற்றிடமும்: இரண்டு. பிறகு மூன்று. அவன் மதிப்பில்லை என்று விட்ட வெற்றிடம் இரண்டும் சேர்ந்ததில் நான்கு. அன்று முளைத்திருந்த கடைசி வரிசை, ஒன்று பூச்சியம் ஒன்று ஒன்று ஒன்று ஒன்று: நாற்பத்தேழு. அவள் போய் அன்றைக்கு நாற்பத்தேழு நாள். யாரிடமும் சொல்லாமல் அவனும் எண்ணிக்கொண்டுதான் இருந்தான்.

"எண்ணிக்கினு இருக்கா," என்றான்.

"அவளுக்கு வேற இன்னா வேல," என்று சின்னப்பொண்ணு கஞ்சியை ஊற்றினாள். பச்சமுத்து மாடுகளை அடுத்த நிலத்துக்குத் திருப்பினார்.

சுபாஷ் அந்த வீட்டுக்கே குடிவந்து, வேலைக்கு மலையிறங்கி ஏறினான். வரிசைகள் ஆயிரத்தைத் தாண்டியும் நிலம் தீரவில்லை. சர்வேயர் அளந்தபோது பழைய ஒரு ஏக்கர்தான் இருந்தது. ஆயிரத்து இருபத்து மூன்றாம் நாள் பத்து இடத்திலும் முளை. மறுநாள் மேலே ஒரே ஒரு முளை, அதன் கீழே பத்து சாணும் வெறும் மண்.

"முடிஞ்சிபோச்சி போலக்குதே," என்றார் பச்சமுத்து.

"நாளைக்குப் பாருங்கண்ணா."

மறுநாள் காலை அடுத்த வரிசையில், மேலே ஒரு முளையும், பத்து சாண் தள்ளிக் கீழ் வரப்பை ஒட்டி இன்னொரு முளையும் வந்திருந்தன. சுபாஷ் கஞ்சியைக் குடித்துவிட்டு ஜீப் பிடிக்கப் போனான்.