டிரைவர் நடந்த பதினோராயிரம் அடி

முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவருக்கு நடப்பதென்றாலே வேப்பங்காய். புகையும் புழுதியும் கூட்டுச் சேர்ந்து அவர் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிட்டிருந்தன. நாலு படி ஏறினால் நெஞ்சுக்குள் விசில் ஊதும்.

"நுரையீரலை ஸ்கேன் எடுத்தாச்சு. ஒரு வாரம் இதை இடுப்புல மாட்டிக்கங்க. எத்தனை அடி எடுத்து வைக்கிறீங்கன்னு எண்ணிச் சொல்லும்" என்று டாக்டரம்மா தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைக் கொடுத்தார்.

முதல் நாள் சாயங்காலம் பார்த்தார். நானூற்றுப் பன்னிரண்டு. அதிலும் பாதி, டிவி ரிமோட்டைத் தேடி நடந்தது. மறுநாள் காலை கருவியை மனைவியிடம் நீட்டினார்.

"இந்தா, நீ மாட்டிக்க. வீட்டுல சும்மாதானே இருக்கே."

மனைவி ஒரு பார்வை பார்த்தாள். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வாரம் முடிந்து இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். திரையில் அவருடைய நுரையீரல், பூச்சி அரித்த கம்பளி மாதிரி கறுப்புக் கறுப்பாய் ஓட்டைகளோடு தெரிந்தது.

"இதை வெச்சுக்கிட்டு ரெண்டாம் நாள்லேர்ந்து தினம் பதினோராயிரம் அடி நடந்திருக்கீங்களே சார்! என் மாணவர்கள் பார்க்கணும். கொஞ்சம் நடந்து காட்டுங்க" என்றார் டாக்டரம்மா, கருவியைப் பார்த்தபடி.

வராந்தாவில் ஆறு பேர் நோட்டும் பேனாவுமாக நின்றார்கள். டிரைவர் மிடுக்காகத்தான் கிளம்பினார். பாதி வழியில் எடை பார்க்கும் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். விசில் ஆறு பேருக்கும் கேட்டது.

"அப்போ அந்தப் பதினோராயிரம்?"

மூச்சு வாங்கியபடி அவர் மனைவியைக் கைகாட்டினார்.

"வீட்டுக்குள்ளயேவாம்மா?" டாக்டரம்மாவுக்கு நம்ப முடியவில்லை.

"சும்மாதான் இருந்தேன் டாக்டர்" என்றாள் மனைவி.

மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். டிரைவருக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு மனைவியின் வெடித்துப்போன பாதங்களைப் பார்த்தார்; கோபம் போன இடம் தெரியவில்லை.

டாக்டரம்மா திட்டவில்லை. "நடக்காம உட்கார்ந்தா இருக்கிற தெம்பும் போயிடும் சார். நின்னு நின்னு நடங்க. இன்னொரு வாரம். இந்தத் தடவை உங்க இடுப்புல."

மறுநாள் மனைவி நாற்காலியை விட்டு எழவில்லை.

"என்னங்க, தண்ணி." கொண்டுவந்தார். "ஜன்னலைச் சாத்துங்க." சாத்தினார். "மாடியில துணி காயுது." மூன்று இடத்தில் நின்று இளைப்பாறி அதையும் கொண்டுவந்துவிட்டார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரம்!" என்று கருவியைத் தூக்கிக் காட்டினார்.

"துணியை மடிக்கலையே?"

"மடிக்கிறதை இது எண்ணாதும்மா."

"எண்ணாட்டி என்ன, மடிங்க."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தார்.