கொழுக்கட்டை ஆலைக்கு இரண்டு சான்றிதழ்

மனித குலத்தின் அடுத்த பெரும் பாய்ச்சல் உலான்பாதர் நகரத்தின் வடக்கு மேட்டில், கைவிடப்பட்ட கொதிகலன் கூடத்தில்தான் நடக்கப்போகிறது என்று யாதம் அறிவித்தான். குதிரையைப் பழக்கியது முதல் பாய்ச்சல். சக்கரம் இரண்டாவது. மூன்றாவது, அவனுடைய பூஸ் ஆலை. இன்னும் நான்கே வருஷத்தில் மங்கோலியாவில் ஒரு பெண்ணும் பூஸ் என்ற இந்த இறைச்சிக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைய வேண்டியிருக்காது. இதைச் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி செர்மாவும் சிரிக்கவில்லை. அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

அரசாங்க இறைச்சி ஆலையை இழுத்து மூடும்வரை, யாதம் அதன் திட்டப் பிரிவில் பதினோரு வருஷம் குமாஸ்தா. காகிதத்தை நாம் மதித்தால் காகிதம் நம்மை மதிக்கும் என்பது அவன் கொள்கை. கூடத்தை வாடகைக்குப் பிடித்து, வெள்ளை ஓடு பதித்து, நாலு பெண்களுக்கு வேலை சொல்லி வைத்திருந்தான். வெள்ளை மாதம் என்கிற புத்தாண்டுப் பண்டிகைக்கு ஒரு சுரங்கக் கம்பெனி முப்பதாயிரம் பூஸ் கேட்டிருந்தது. ஒரே நிபந்தனை, உரிமம் பெற்ற ஆலையின் வட்ட முத்திரை ரசீதில் இருக்க வேண்டும். ஆர்டர் கிடைத்தால் ஆலை நிற்கும். இல்லையென்றால் கூடத்தின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

பக்கத்து வேலி துல்மா அக்காவுக்கு உரிமமும் கிடையாது, முத்திரையும் கிடையாது. குளிர்காலம் பூரா தன் வட்டக் கூடார வீட்டுக்குள் உட்கார்ந்து மடித்து, பின்பக்கமாகத் தெரிந்தவர்களுக்கு மட்டும் விற்பாள். பண்டிகைக்கு எல்லா வீட்டிலும் ஆயிரக்கணக்கில் மடித்து வெளியே உறைய வைக்கிற வழக்கம் இருப்பதால், அவள் முற்றத்தில் எத்தனை தட்டு இருந்தாலும் எந்த அதிகாரிக்கும் கேட்க வாய் வராது.

"விருந்துக்குன்னு இன்னும் எத்தனை வருஷம்க்கா கதை விடுவீங்க? வீட்ல நீங்க ரெண்டு பேரு, ஒரு நாய். நாலாயிரம் பூஸையும் நாயா தின்னுச்சு?" என்று கேட்டான் யாதம்.

"அதுக்கு நல்ல பசிடா தம்பி."

"இதெல்லாம் வியாபாரமா? வளைக்குள்ள இருந்து எட்டிப் பாக்குற எலி மாதிரி. கடைசி வரைக்கும் வளரவே மாட்டீங்க."

"வளந்த புல்லத்தான் ஆடு முதல்ல மேயும். நீ வளருடா, யாரு வேணாங்கறா. ஆமா, ஆபீஸ்ல உனக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"எனக்குச் சட்டம் தெரியும்."

"ஐயோ பாவம்," என்றாள் அக்கா. அதில் கேலி துளியும் இல்லை.

உரிமத்துக்குத் தீயணைப்புச் சான்றும் சுகாதாரச் சான்றும் வேண்டும். தீயணைப்பு அலுவலகத்துக் கேப்டன் மரியாதை தெரிந்தவர். மனுவை இரண்டு முறை படித்தார்.

"வேலை நடக்கிற இடத்தைத்தான் தம்பி சோதிக்க முடியும். சும்மா கிடக்கிற கூடத்துல எது தீப்பிடிக்கும்? அடுப்பு எரியணும், ஆள் நிக்கணும். அப்பக் கூப்பிடுங்க."

சுகாதார அலுவலகத்து அம்மாவும் மரியாதைக்குக் குறை வைக்கவில்லை. "தீயணைப்புச் சான்று இல்லாம அடுப்புப் பத்த வைக்கக் கூடாது. அதைக் கொண்டாங்க, மறுநாளே வர்றேன்."

"அடுப்பு எரிஞ்சாத்தான் சான்று தருவாராம்மா."

"அது அவங்க விதி. அதுல நாங்க தலையிட முடியாது."

இரண்டு அலுவலகமும் ஒரே நடைபாதையில் எதிரெதிர்க் கதவு. ஐந்து வாரம் யாதம் அந்த நாலடியைக் கடந்துகொண்டிருந்தான். பண்டிகைக்குப் பதினேழு நாள் இருக்கையில், ஒரே ஒரு நாள் அடுப்பைப் பற்றவைத்துக் கேப்டனுக்குக் காட்டிவிடுவது என்று முடிவெடுத்தான். பத்து மணிக்கு வருவதாகக் கேப்டன் சொன்னார்.

பத்தரைக்கு வந்தது சுகாதார அம்மா, பசைப் புட்டியோடு. வழித்துணைக்கு ஆகட்டுமே என்று கேப்டன்தான் நடைபாதையில் அவளைக் கூப்பிட்டாராம், அவள் அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். அடுப்பை அணைக்கச் சொல்லி, எல்லோரையும் வெளியேற்றி, கதவின் குறுக்கே முத்திரைக் காகிதத்தை ஒட்டினாள். பதினொன்றுக்கு வந்த கேப்டன் ஒட்டிய கதவைப் பார்த்தார். ஏட்டை விரித்து, "வேலை எதுவும் நடைபெறவில்லை" என்று நேர்மையாக எழுதிக்கொண்டார்.

நாலு பெண்களும் மாவுக் கையோடு பனியில் நின்றார்கள். "இப்ப நாங்க போறதா, இருக்கறதாண்ணே?" என்று கேட்டாள் ஒருத்தி. யாதம் முத்திரைக் காகிதத்தில் இருந்ததைப் படித்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர்களாகவே போனார்கள்.

மேல்முறையீட்டுக்கு முப்பது வேலைநாள். சுரங்கக் கம்பெனி எல்லைக்கு அப்பாலிருந்து, பளிச்சென்ற முத்திரையோடு, பெட்டி பெட்டியாகப் பூஸை வரவழைத்துக்கொண்டது. யாதம் கூடத்தின் சாவியைக் கொடுத்துவிட்டு வந்து, மூன்று நாள் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தான்.

கூடத்துக்கு வெளியே கொட்டகையில் வைத்திருந்ததால், ஆர்டருக்கு வாங்கிய இறைச்சி மட்டும் தப்பியிருந்தது. நாலாம் நாள் அதைச் சறுக்குவண்டியில் வீட்டுக்கு இழுத்து வந்தான். செர்மா மாவுப் பலகையில் அவனுக்கு இடம் ஒதுக்கினாள். மாலைக்குள் முற்றத்தில் நாற்பது தட்டு வெள்ளை வெளேரென்று உறைந்துவிட்டது. இந்த ஊரில் குளிர் ஒன்றுதான் அனுமதி கேட்காமல் வேலை செய்யும்.

வட்டார அலுவலர் வேலியோரமாகப் போனவர் நின்றார். "ஏகப்பட்டது இருக்கே யாதம்?"

"சொந்தக்காரங்க நிறைய வர்றாங்க," என்றான் யாதம், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் போனதும் சுத்தியலின் பிளந்த முனையால் சந்தைப் பார்த்த பின்வேலியில் ஒரு பலகையை நெம்பினான். ஒரு பை பூஸ் வெளியே போகுமளவுக்கு அது ஒதுங்கியது. அடுத்த முற்றத்தில் கரி அள்ளிக்கொண்டிருந்த துல்மா அக்கா பார்த்தாள். பார்க்காத மாதிரி முதுகைக் காட்டிக் குனிந்துகொண்டாள். யாதம் ஆணிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனான்.