எந்த ‘வரேன்’?

தட்டு ஐந்தா, ஆறா என்பதில் லிஃப்ட் மெக்கானிக்குக்கு மண்டை காய்ந்தது. விடுமுறை நாள், நெருங்கின நண்பர்கள், ஆளுக்கொரு பாத்திரத்தில் கொண்டுவரும் பதார்த்தம், ஆற அமர மதியச் சாப்பாடு. இதில் தலையைப் பிய்த்துக்கொள்ள என்ன இருக்கிறது என்றால், தையல்காரர் வருவாரா மாட்டாரா என்பது இருந்தது.

மூன்று நாள் முன்பு ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட்டுக்குள் நின்று கதவைச் சோதித்துக்கொண்டிருந்தார் மெக்கானிக். வெளியே, துணிமூட்டையும் கையுமாகத் தையல்காரர். இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஆள். மெக்கானிக்கின் வாய் தானாகத் திறந்தது.

“ஞாயித்துக்கிழமை எல்லாரும் சாப்பிட வீட்டுக்கு வர்றாங்க. நீயும் வாடா.”

“சரி, வரேன்” என்றார் தையல்காரர். கதவு மூடிக்கொண்டது. அரை மணி நேரம் மெனக்கெட்டு அதை அவ்வளவு சுத்தமாக மூட வைத்தவர் மெக்கானிக்கேதான். மறுபடி திறப்பதற்குள் மூட்டை படியேறிப் போய்விட்டது.

“சாப்பிட வரேன்னானா, இல்ல கிளம்பறதுக்கு வரேன்னானா?” என்று மனைவியைக் குடைந்தார்.

“போன் போட்டுக் கேளுங்களேன்.”

“என்னன்னு கேக்குறது? நீ சொன்னது எந்த வரேன்னா?”

விருந்தாளிகள் வந்ததும் விவகாரம் சபைக்கு வந்தது. “இழுத்துச் சொன்னா கிளம்பறான். வெட்டிச் சொன்னா வரான்” என்றார் பேக்கரிக்காரர். அவர் மனைவி, “முன்னாடி சரின்னு சொல்லியிருக்காரே, அப்ப வருவார்” என்றாள். “சரி வரேன்னுதான் எல்லாரும் கிளம்பறாங்க” என்றாள் எதிர்வீட்டு நர்ஸ். மெக்கானிக் ஏழு விதமாக ‘வரேன்’ சொல்லிக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

இரண்டு வருடம் முன்பும் இதே மேசையில்தான் சிரித்தார்கள். தையல்காரர் இருபது நிமிடம் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டு அலறியதை, மீட்கப் போன மெக்கானிக் நடித்துக் காட்டினார். சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டது. தையல்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, “நான் போறேன்” என்றார். எதிர்க்கடைக்குக் கிளம்புகிறவன்கூடப் போயிட்டு வரேன் என்பான். வெறும் ‘போறேன்’ மெக்கானிக்கின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது.

“அன்னைக்கு போறேன்னு போனவர், இப்ப வரேன்னாரே” என்றாள் மனைவி. “அது எந்த வரேனா இருந்தா என்ன? ஆறாவது தட்டையும் வைங்க.”

வைத்தார். கோழி பாதி தீர்ந்தது, சாலட் முழுக்கத் தீர்ந்தது. ஆறாவது தட்டு பளபளவென்று அப்படியே இருந்தது. மெக்கானிக் சாப்பிட்டதைவிட வாசலைப் பார்த்ததுதான் அதிகம்.

கதவு தட்டப்பட்டது. தையல்காரர் ஒரு தர்பூசணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து நின்றார். நாலு மாடி.

“லிஃப்ட் ஓடுதே?” என்று உளறிவிட்டார் பேக்கரிக்காரர்.

“ஓடும். அன்னைக்கிலேர்ந்து நான் எதுலயும் ஏறறதில்ல.”

மெக்கானிக் எழுந்து வாசலுக்குப் போனார். “பயந்துபோயிருந்தவனை வெச்சு வேடிக்கை காட்டினேன். என் தப்புதான்டா. மன்னிச்சுடு.”

“பழத்தை வாங்கு முதல்ல. கை கழண்டு விழுது.”

அதற்குப் பிறகு தையல்காரர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். பேக்கரிக்காரரின் தொப்பைக்குச் சட்டை தைக்க ஒரு திரைச்சீலை வேண்டும் என்றார். மெக்கானிக் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

நாலு மணிக்கு வழியனுப்ப வெளியே வந்தார். லிஃப்ட் திறந்தபடி நின்றிருந்தது.

“சரி, வரேன்” என்றார் தையல்காரர்.

மெக்கானிக்கால் கேட்காமல் இருக்க முடியவில்லை. “இது எந்த வரேன்?”

தையல்காரர் படிக்கட்டைப் பார்த்தார். லிஃப்ட்டைப் பார்த்தார். ஒரு காலை மட்டும் அதற்குள் வைத்தார்.

“கீழ வரைக்கும் கூட வா, சொல்றேன்.”

மெக்கானிக் செருப்புகூடப் போடாமல் ஏறிக்கொண்டார்.