கவரோடு நட்ட கன்று

அலுவலகத்திலிருந்து மரம் நடப் போன இடத்தில் முதல் கன்றை மேலாளர்தான் நட்டார். வேரைச் சுற்றிய பிளாஸ்டிக் கவரைக் கழற்றாமலேயே மண்ணைத் தள்ளி மூடிவிட்டார். நாங்கள் பார்த்தோம், கைதட்டினோம். ஒரு காற்புள்ளி விடுபட்டாலே கடித்துக் குதறுகிற மனிதரிடம் யார் வாயைத் திறப்பது? எங்கள் கன்றுகளின் கவரை மட்டும் அவருக்குத் தெரியாமல் கழற்றி, பாக்கெட்டில் திணித்துக்கொண்டோம்.

வேன் கிளம்பும் முன், தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டதாகச் சொல்லி, அந்தக் கன்றைக் காப்பாற்ற ஓடினேன். அங்கே அவரே மண்டியிட்டுக் கையால் தோண்டிக்கொண்டிருந்தார்.

"உங்க பாக்கெட்ல இருந்து கவர் எட்டிப் பாத்துச்சு. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, ஒருத்தர்கூட சொல்லல. நான் அவ்வளவு மோசமா?"

நானும் பக்கத்தில் மண்டியிட்டேன்.

"குழி ஆழம் பத்தாது சார்," என்றேன்.