டார்லின் சொல்ல வேண்டிய சாட்சி

"நான் சொல்ல மாட்டேன் சார், கிடைக்காத வேலைய..."

"ஏ பிள்ள, நான் முடிக்கல, அதுக்குள்ள நீ..."

"...கிடைச்சிட்டுன்னு கோயில்ல ஏறி நின்னு எப்படிச் சொல்ல?"

"பைய பேசு. பக்கத்து ரூம்ல கமிட்டிக்காரங்க இருக்காங்க."

டார்லின் பையப் பேசவில்லை. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன பிள்ளைகளை ஆஸ்பத்திரிகளுக்குத் தொண்டர்களாக அனுப்பி வேலை பழக்கிவிடும் அறக்கட்டளை பாக்கியசீலன் சாருடையது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பாளையங்கோட்டையில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. பதினோரு மாதமாக டார்லின் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து விடியக்காலை பஸ் பிடித்து வந்து, ஆஸ்பத்திரிப் பதிவு மேசையில் சம்பளமில்லாமல் உட்கார்ந்தாள். அங்கே ஆள் எடுத்தால் முதல் பெயர் உன்னுடையதுதான் என்று சேர்த்த அன்றே சார் சொல்லியிருந்தார். ஏப்ரலில் அங்கே சம்பள வேலை ஒன்று காலியானது. மே முடியப்போகிறது, வேலைக்குக் கூப்பிடவில்லை. சென்னையிலிருந்து வரும் நன்கொடைக்காரர்கள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், கர்த்தர் தனக்கு வேலை கொடுத்தார் என்று சாட்சி சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார்.

"விசுவாசத்துல சொல்லு பிள்ள. கிடைச்சிட்டுன்னு நம்பிச் சொன்னா கர்த்தர் கிடைக்கப் பண்ணுவாரு."

"அவரு பண்ணுவாரு சார். நீங்க விடலியே."

"என்னது?"

"ஆஸ்பத்திரிக்கு வார தபாலப் பிரிச்சு நம்பர் போடுதது யாரு? நான்தான. நீங்க பழக்கிவிட்ட வேலதான."

சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"'சம்பளத்துக்கு ஆள் நியமிக்கத் தேவையில்லை, ஜூன் முதல் எட்டுத் தொண்டர்களை அனுப்புகிறோம்.' கீழ உங்க கையெழுத்து. சீல் குத்தி, நம்பர் போட்டு, மேனேஜர் மேசையில கொண்டு வச்சதும் நான்தான்."

"அடுத்தவங்க கடுதாசிய வாசிக்கதுதான் நீ படிச்சதா?"

"வாசிக்காம யாருக்குப் போவணும்னு எப்படி சார் எழுத?"

சாரின் பதிலில் கோபம் இல்லை, வகுப்பெடுக்கிற குரல்.

"யோசிச்சுப் பாரு. அந்த மேசைய ஒனக்கே கொடுத்துட்டா அடுத்த பிள்ளைய எங்கன உக்கார வைக்க? ஒருத்தி சம்பளம் வாங்குததுக்காவ எட்டுப் பேரு வாசல்ல நிக்கணுமா? நீ வேல படிச்சிட்ட. எங்கன போனாலும் பொழச்சுக்கிடுவ."

"எங்கன சார்? தூத்துக்குடியில ஒரு ஆஸ்பத்திரில கேட்டேன். சும்மாவே பிள்ளைக வருதாம். அங்கனயும் நீங்கதான் அனுப்புதீங்களாம்."

சார் சிரிக்கப் பார்த்தார்; முடியவில்லை. மேசையில் இருந்த அவளுடைய பயிற்சிச் சான்றிதழை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். கையெழுத்து இன்னும் போட்டிருக்கவில்லை.

"ஞாயித்துக்கிழம ஆராதனை முடிஞ்சதும் வாங்கிக்க. நோட்டீசுல ஒம் பேரு அடிச்சாச்சு."

டார்லின் பையைத் தோளில் மாட்டினாள்.

"கேளு பிள்ள. ஒங்கம்மா போன வாரம் இங்கன வந்து அழுதாங்க. ஒந் தங்கச்சி ரீபாவையும் அந்த எட்டுல சேத்துட்டேன். அந்த நன்றியாவது வேண்டாமா?"

இது அவளுக்குத் தெரியாது. வீட்டில் யாரும் சொல்லவில்லை. கதவுவரை போனவள் திரும்பினாள். இப்போது அவள் குரல் அவர் கேட்டபடியே பையத்தான் வந்தது.

"அவள எந்த மேசையில சார் உக்கார வைக்கப் போறீங்க?"