இரண்டு போன்களில் வந்த செய்தி

காலை பத்தேகாலுக்கு வேல்குமாரின் போன் அலறியது. திருப்பூரில் அவன் வேலை செய்யும் ஏற்றுமதி நிறுவனத்தில், சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் அனுப்பிய ஆள் பனியன்களை மேசையில் விரித்துத் தையலை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். 'மருதாசலம், சர்க்கரை 64, குறைகிறது' என்று திரையில் சிவப்பு எழுத்து. சத்தத்தை அணைத்துப் போனைக் கவிழ்த்து வைத்தான்.

மருதாசலம் அவனுடைய அப்பா. எழுபத்துமூன்று வயது, தினமும் இன்சுலின் போடுகிறவர். சாமளாபுரத்தில் தனியாக இருக்கிறார். அவர் கையில் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கருவி ஒட்டியிருக்கும். சர்க்கரை ஏறினாலும் இறங்கினாலும் அவர் போனோடு மகன் போனிலும், வேலம்பாளையத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் யாழினியின் போனிலும் சத்தம் வரும். பொங்கலுக்கு வேல்குமார்தான் வாங்கி மாட்டினான். அதன்பின் வாரம் ஒருமுறை ஊருக்குப் போனவன் மாதம் ஒருமுறை என்றாக்கிக்கொண்டான். கேட்பவர்களிடம், "அதான் போன்லயே தெரியுதில்லீங்களா" என்பான்.

அன்று வந்த சிவப்பு எழுத்தை யாழினியும் பார்த்தாள். பிள்ளையின் பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் இருந்தாள். "அண்ணா, அப்பாவுக்கு லோ காட்டுதுங்க" என்று எழுதி அனுப்பினாள். பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அண்ணன் பேசிவிட்டான் என்று நிம்மதியானாள். அவனோ, தங்கை பேசிக்கொள்வாள் என்று எண்ணித்தான் அதை அனுப்பியிருந்தான்.

ஒன்றரை மணிக்கு வேல்குமார் போனை எடுத்தபோது, அப்பாவின் எண்ணிலிருந்து ஏழு அழைப்புகள். திரும்ப அழைத்தான். பேசியது பக்கத்து வீட்டு ராமாயி, மதுரைப் பக்கமிருந்து தறி வேலைக்கு வந்தவள்.

"எத்தன தடவண்ணே கூப்புடுறது? சாப்புட வந்தேன், ஐயா போனு உள்ள கத்திக்கிட்டே கெடக்கு. எட்டிப் பாத்தா கீழ விழுந்து கெடக்காரு. வேர்த்து ஊத்துது, பேச்சு கொழறுது. சீனித்தண்ணி குடுத்தேன், நல்லவேள முழுங்குனாரு. 108ல ஆசுபத்திரிக்குக் கூட்டியாந்துட்டேன். கை ஒடஞ்சிருக்காம்."

மருத்துவமனை வராந்தாவில் அண்ணனும் தங்கையும் முட்டிக்கொண்டார்கள்.

"பாத்துட்டேன்னு கட்டைவிரல் போட்டீங்களேண்ணா!"

"நீ ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? எனக்கு அங்க இன்ஸ்பெக்ஷன்!"

"எனக்கு மட்டும் வேலையில்லீங்களா?"

யார்மேலாவது பாய வேண்டும்போல இருந்தது வேல்குமாருக்கு. கருவி விற்ற கம்பெனியைக் கூப்பிட்டுக் கத்தினான். அந்தப் பக்கம் பேசிய பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒன்பது தடவை அலர்ட் வந்திருக்குங்க சார். முதல் அலர்ட்டை ரெண்டு போன்லயும் திறந்து பாத்திருக்காங்க" என்றாள். அவன் போனை வைத்துவிட்டான். கத்துவதற்கு இனி யாரும் இல்லை.

உள்ளே மாவுக்கட்டோடு படுத்திருந்தார் அப்பா. ஊசி போட்டுக்கொண்டவர் சாப்பிட மறந்திருக்கிறார். மகனைக் கண்டதும், "நேத்து சொன்னயே, அந்தப் பையர் ஆளு போயிட்டாரா கண்ணு? உன் வேலையக் கெடுத்துப்போட்டனா?" என்றார்.

வேல்குமார் அவர் போர்வையைச் சரிசெய்தான். அவர் காலருகே உட்கார்ந்தான். தங்கையைப் பார்த்துச் சொன்னான்.

"மிசின் மேல குத்தமில்ல யாழினி. அது ஒன்பது தடவ கூப்புட்டுது, நாமதான் நகரல. இனி சத்தம் வந்தா நீ பேசிருப்பீன்னு நானும், நான் பேசிருப்பேன்னு நீயும் நெனைக்க வேண்டாம். ரெண்டு பேருமே கூப்புடுவோம். எடுக்கலீன்னா பொறப்பட்டு வருவோம். பெத்தவங்களுக்கு ஒண்ணுன்னா கருவி சொல்லத்தான் செய்யும்; எந்திரிச்சுப் போறது பெத்த புள்ளைகதான்."